கணக்கில் தோற்ற பாலிடெக்னிக் மாணவர்



ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுது என்றால் நாம் வழக்கமாக எடிசனிடம் போவோம். இல்லாவிட்டால் விஸ்வேஸ்வரய்யாவிடம் போவோம். அவர்கள் எல்லாம் மலைகள். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிப்பதுதான் மிச்சம். அதனால் இந்த முறை நம்ம கூட்டத்து ஆள் ஒருவரைத் தேடினேன். கிடைத்தார். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்தவர். டிராயிங்கில் கில்லாடி. கணக்குப் பரீட்சையில் ஒருமுறை அல்ல, மூன்று முறை கோட்டை விட்டவர். பிற்காலத்தில் இங்கிலாந்து அரசி அவருக்கு சர் பட்டம் கொடுத்தார். அவர் வடிவமைத்த கார்களை இன்றைக்கும் ஜனங்கள் பழுது பார்த்து, மாற்றி, தினமும் வேலைக்கு ஓட்டிக்கொண்டு போகிறார்கள்.

அவர் பெயர் அலெக் இசிகோனிஸ். பெயர் புதிதாக இருக்கலாம். ஆனால் மோரிஸ் மைனர், மினி என்ற பெயர்களைக் கேட்காத மெக்கானிக்கல் மாணவன் இருக்க முடியாது. நம் ஊர் அம்பாசிடருக்கும் அவருக்கும் தூரத்து உறவு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

பட்டறைப் பிள்ளை

1906 நவம்பர் 18 அன்று ஸ்மிர்னா என்ற துறைமுக நகரில் பிறந்தார். இன்று அது துருக்கியில் உள்ள இஸ்மிர். அப்பா கிரேக்க வம்சம், அம்மா ஜெர்மன் வம்சம். தாத்தா காலத்தில் பிரிட்டிஷார் அங்கே ரயில் பாதை போட்டபோது அவர்களுக்கு வேலை செய்து பிரிட்டிஷ் குடியுரிமை பெற்ற குடும்பம். கப்பல் இயந்திர வேலைகள் செய்யும் பட்டறை ஒன்று அவர்களுக்குச் சொந்தம். சின்னப் பையனாக இரும்புச் சத்தத்திலும் எண்ணெய் வாசனையிலும் வளர்ந்தார்.

1922ல் கிரேக்கர்களுக்கும் துருக்கியருக்கும் நடந்த போரின் முடிவில் ஸ்மிர்னா நகரின் பெரும்பகுதி தீக்கு இரையானது. பிரிட்டிஷ் குடிமக்களைக் கப்பலில் ஏற்றி மால்டா தீவுக்குக் கொண்டு போனார்கள். பட்டறை போயிற்று, வீடு போயிற்று. மால்டாவிலேயே அப்பாவும் போய்விட்டார். 1923ல் அம்மாவும் பையனும் இங்கிலாந்தில் கால் வைத்தார்கள். அப்போது அவருக்கு 16 வயது. அதாவது நாம் பத்தாம் வகுப்பு முடித்து முதலாம் ஆண்டில் சேர்ந்த அதே வயது!

லண்டனில் பாட்டர்சீ பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு இயந்திரப் பொறியியல் படிப்பில் சேர்ந்தார். (அந்தப் பாலிடெக்னிக்தான் வளர்ந்து 1966ல் சர்ரே பல்கலைக்கழகமாக ஆனது.) வரைபலகை முன் நின்றால் ஆள் ராஜா. கணக்குப் பேப்பரை வைத்தால் கை நடுங்கும். மூன்று முறை எழுதினார், மூன்று முறையும் பெயில். வெறும் கணக்கு என்பது கற்பனைக்கு எதிரி என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இந்த இடத்தில் கை தட்டுகிற நண்பர்கள் கொஞ்சம் பொறுங்கள். கட்டுரை இன்னும் முடியவில்லை.

பழைய காரே பள்ளிக்கூடம்

படித்து வெளியே வந்ததும் பெரிய வேலை ஒன்றும் காத்திருக்கவில்லை. லண்டனில் ஒரு சிறிய இடத்தில் வரைவாளராகச் சேர்ந்தார். 1934ல் ஹம்பர் கார் கம்பெனியின் டிராயிங் ஆபீசுக்குப் போனார். ஆனால் அவர் உண்மையாகப் படித்த இடம் வேறு. அது ஒரு ஆஸ்டின் செவன் கார்.

ஆஸ்டின் செவன் 1922ல் வந்த குட்டிக் கார். 747 சி.சி. எஞ்சின். விலை குறைவு, அமைப்பு எளிது. சாதாரண ஸ்பானர் செட்டை வைத்து முழுக்கப் பிரித்துவிடலாம். அதனால் பழைய ஆஸ்டின் செவனை வாங்கி, பாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, தன் இஷ்டத்துக்கு மாற்றிக் கட்டுவது அந்தக் கால இளைஞர்களுக்கு ஒரு பைத்தியமாகவே இருந்தது. பிற்காலத்தில் லோட்டஸ் கம்பெனி தொடங்கிய காலின் சாப்மனும், பந்தய உலகில் பெயர் பெற்ற புரூஸ் மெக்லாரனும் ஆஸ்டின் செவனில்தான் கை பழகினார்கள்.

இசிகோனிசிடம் இருந்தது அல்ஸ்டர் என்னும் பந்தய ரகம். வாங்கியதை வாங்கியபடி ஓட்டுகிற ஆள் இல்லை அவர். முன் ஆக்சிலைக் கழற்றினார், தாமே வடிவமைத்த வேறொன்றை மாட்டினார். ஓட்டிப் பார்த்தார், மறுபடி கழற்றினார். அப்புறம் இனி இதில் மாற்ற ஒன்றுமில்லை, புதிதாகவே செய்துவிடலாம் என்று நண்பர் ஜார்ஜ் டவுசனோடு சேர்ந்து ஒரு காரையே கட்ட ஆரம்பித்தார். பவர் டூல்ஸ் எதுவும் கிடையாது. ரம்பம், அரம், கை டிரில், அவ்வளவுதான். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் செய்ததால் வருடக்கணக்கில் இழுத்து, 1930களின் கடைசியில்தான் முடிந்தது.

அதற்கு லைட்வெயிட் ஸ்பெஷல் என்று பெயர். பிளைவுட் பலகையின் இரு பக்கமும் அலுமினியத் தகடு ஒட்டிய பாடி. ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர். மொத்த எடை சுமார் 266 கிலோ. அதில் எஞ்சின் மட்டுமே 114 கிலோ. கழித்துப் பாருங்கள்: மீதிக் கார் முழுவதும் 152 கிலோதான்! பந்தயங்களில் தன்னைவிடப் பெரிய எஞ்சின் கார்களையும் அது தோற்கடித்தது.

எடையைக் குறை, இடத்தை மிச்சம் பிடி, சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியாக அசையட்டும், ரப்பர் கூட ஸ்பிரிங்காக வேலை செய்யும். இந்தப் பாடங்களை அவர் அந்தக் கொட்டகையில் கற்றார். பிறகு வாழ்நாள் முழுவதும் அவர் செய்தது இந்தப் பாடங்களைப் பெரிய அளவில் எழுதியதுதான்.

நடுவில் அறுத்த கார்

1936ல் மோரிஸ் கம்பெனிக்கு மாறினார். போர்க்காலத்திலேயே, மைல்ஸ் தாமஸ் என்ற நிர்வாகியின் ஆதரவோடு ஒரு சிறிய காருக்கான வேலை ஆரம்பமானது. பெரிய டீம் எல்லாம் இல்லை. இசிகோனிஸ் ஸ்கெட்ச் போடுவார். ஜாக் டேனியல்ஸ் (பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்!) அதன் சஸ்பென்ஷனையும் அடிப்பகுதியையும் கணக்குப் போட்டு உருவாக்குவார். ரெக் ஜாப் பாடியை வரைவார். மூன்று பேர்தான் முக்கியம்.

எல்லாம் முடிகிற நேரத்தில் இசிகோனிசுக்கு ஒரு உறுத்தல். காரின் அகலம் கண்ணுக்குச் சரியாக இல்லை. வேறொருவராக இருந்தால் விட்டிருப்பார். இவர் என்ன செய்தார் தெரியுமா? மாதிரிக் காரை நீளவாக்கில் சரிபாதியாக அறுக்கச் சொன்னார்! இரண்டு பாதிகளையும் மெல்ல மெல்ல நகர்த்தி, பார்வைக்குச் சரியாகப் பட்ட இடத்தில் நிறுத்தினார். இடைவெளி 4 அங்குலம். அதே அகலம்தான் இறுதி. ஆனால் பம்பர்கள் பழைய அளவில் முன்பே தயாராகி இருந்தன. அவற்றையும் நடுவில் வெட்டி, ஒரு துண்டு சேர்த்து ஒப்பேற்றினார்கள். ஆரம்ப கால மோரிஸ் மைனரின் பம்பர் நடுவிலே அந்த ஒட்டை இன்றும் பார்க்கலாம். பானட்டின் நடுவில் ஓடும் தட்டையான பட்டையும் அந்த 4 அங்குலத்தின் அடையாளம்தான்.

முதலாளி நஃபீல்டு பிரபுவுக்குக் காரே பிடிக்கவில்லை. சைக்கிள் ரிப்பேர் கடையில் தொடங்கி உயர்ந்த மனிதர் அவர். கொதிநீரில் உடைத்து ஊற்றிய முட்டை மாதிரி இருக்கிறது என்று முகம் சுளித்தார். ஆனாலும் 1948 அக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் மோரிஸ் மைனர் வெளிவந்தது. முன்பக்கம் டார்ஷன் பார், அதாவது முறுக்கினால் திரும்ப நிமிரும் கம்பியே ஸ்பிரிங். ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங். அன்றைய சிறிய கார்களில் இவை பெரிய விஷயம். புதிதாகத் திட்டமிட்ட படுக்கை எஞ்சின் மட்டும் கைவிடப்பட்டு, பழைய 918 சி.சி. எஞ்சினே கிடைத்தது. ஆனால் அந்தப் பெரிய எஞ்சினுக்காக விட்ட அகலமான இடம் அப்படியே இருந்தது. பின்னால் வந்தவர்களுக்கு அதுவே வரமாகிவிட்டது.

1961 தொடக்கத்தில் மைனரின் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தொட்டது. பிரிட்டனில் ஒரு கார் அந்த எண்ணிக்கையைத் தொட்டது அதுவே முதல் முறை. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது 16 லட்சத்தைத் தாண்டியிருந்தது. நர்சுகள், தபால்காரர்கள், வாத்தியார்கள்... வெறும் சம்பளக்காரர்களின் கார் அது.

பத்து அடிக்குள் ஒரு வீடு

1952ல் மோரிசும் ஆஸ்டினும் ஒன்றாகி பி.எம்.சி. ஆனபோது இசிகோனிஸ் விலகி ஆல்விஸ் கம்பெனிக்குப் போனார். அங்கே அவர் வரைந்த பெரிய கார் தயாரிப்புக்கே வரவில்லை. 1955ல் லெனார்டு லார்டு அவரை பி.எம்.சி.க்குத் திரும்ப அழைத்தார். மறு வருடம் சூயஸ் கால்வாய்ப் பிரச்சினை. பெட்ரோலுக்கு ரேஷன். குறைந்த பெட்ரோலில் ஓடும் நிஜமான கார் ஒன்று உடனே வேண்டும் என்றார் லார்டு. கையிலிருக்கும் எஞ்சினையே பயன்படுத்த வேண்டும் என்பது கண்டிப்பு.

எல்லோரும் எஞ்சினை நீளவாக்கில் வைப்பார்கள். இசிகோனிஸ் குறுக்கே திருப்பி வைத்தார். கியர் பாக்சை அதற்குக் கீழே எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே வைத்தார். முன் சக்கரங்களுக்கே விசை கொடுத்தார். சக்கரத்தின் அளவை 10 அங்குலமாகக் குறைத்தார். நண்பர் அலெக்ஸ் மோல்டன் ரப்பர் கூம்புகளால் சஸ்பென்ஷன் செய்து கொடுத்தார். அந்தப் பழைய கொட்டகைக் காரின் ரப்பர் ஞாபகம் வருகிறதா? விளைவு: 10 அடி நீளத்தில் நான்கு பேர் உட்காரும் கார். தரையில் 80 சதவீதம் மனிதர்களுக்கும் பெட்டிகளுக்கும். 1959 ஆகஸ்ட் 26 அன்று மினி வெளிவந்தது. இன்று உலகில் ஓடுகிற பெரும்பாலான சிறிய கார்களில் எஞ்சின் குறுக்கேதான் கிடக்கிறது.

குறையே இல்லையா என்றால், நிறைய. முதல் மினிகளில் மழை பெய்தால் தரைக்குள் தண்ணீர் வந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம் பார்த்து இருந்ததால் ஈரம் பட்டு வண்டி நின்றுவிடும். ஓட்டுகிறவர்கள் ஒரு ரப்பர் கையுறையை அதன் மேல் மாட்டி சமாளித்தார்கள்! ஃபோர்டு கம்பெனிக்காரர்கள் ஒரு மினியை வாங்கி முழுக்கப் பிரித்து விலை போட்டுப் பார்த்து, ஒவ்வொரு காரிலும் பி.எம்.சி.க்கு நஷ்டம்தான் என்று கணக்குக் காட்டினார்கள். இசிகோனிசோ, காரில் ரேடியோ எதற்கு, சீட் ரொம்பச் சொகுசாக இருந்தால் டிரைவர் தூங்கிவிடுவான் என்கிற ரகம். ஜான் கூப்பர் வந்து இதை வேகக் காராக மாற்றலாம் என்றபோது முதலில் அவருக்கு இஷ்டமில்லை. ஆனால் 1961ல் மினி கூப்பர் வந்தது. 1964, 1965, 1967 ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலியை வென்றது. மினி 2000 அக்டோபர் வரை தயாரானது. 53 லட்சத்துக்கும் மேல்.

1967ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1969ல் சர் பட்டம். ஆனால் அதே காலத்தில் கம்பெனி மறுபடி கைமாறி, புதிய நிர்வாகம் அவரை ஓரம் கட்டியது. பிறர் சொல்வதைக் கேட்காத பிடிவாதம் மினியை உண்டாக்கியது. அதே பிடிவாதம் கடைசியில் அவரைத் தனியாக நிறுத்தியது. 1971ல் ஓய்வு பெற்றபோது சக ஊழியர்கள் கொடுத்த பரிசு ஒரு பெரிய மெக்கானோ செட். அதாவது நட்டும் போல்ட்டும் தகடும் கொண்ட பிள்ளை விளையாட்டு. அவருக்கு அதைவிடப் பொருத்தமான பரிசு இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இறக்கும் வரை அவரோடுதான் வாழ்ந்தார். 1988 அக்டோபர் 2 அன்று பர்மிங்காமில் காலமானார்.

செத்தும் ஓடும் வண்டிகள்

மனிதர் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. வண்டிகள் நிற்கவில்லை. மோரிஸ் மைனரைப் பொக்கிஷமாகக் கண்ணாடிக்குள் வைக்காமல் தினசரி ஓட்டுகிறவர்கள் பிரிட்டனில் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் செய்யும் மாற்றங்களைப் படித்தால் நமக்கு நாக்கில் எச்சில் ஊறும். முன் சக்கரங்களுக்கு டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர். 918க்கும் 948க்கும் பதில் அதே குடும்பத்து 1275 சி.சி. எஞ்சின். நான்கு கியருக்குப் பதில் ஃபோர்டு காரின் ஐந்து கியர் பெட்டி. ஈயம் இல்லாத பெட்ரோல் வந்ததும் வால்வு சீட்டுகள் தேய்ந்தன, ஏனென்றால் பழைய பெட்ரோலில் இருந்த ஈயம்தான் அங்கே மெத்தை போல வேலை செய்தது. அதற்காகச் சிலிண்டர் ஹெட்டில் கடினமான சீட் வளையங்களைப் பதிக்கிறார்கள்.

அதே சமயம் மறக்கக்கூடாத பழைய வேலை ஒன்றும் உண்டு. மைனரின் முன் சக்கரத்தைத் தாங்குவது மரை வெட்டிய டிரனியன் என்னும் பாகம். அதற்குத் தவறாமல் கிரீஸ் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் மரை தேய்ந்து, ஒரு நாள் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். ஆயிரம் மாற்றம் செய்தாலும் கிரீஸ் கன்னை மறந்தவனுக்குப் பழைய கார் மன்னிப்புக் கொடுக்காது!

பழைய காரை மாற்றலாமா, ஒரிஜினலாகவே வைக்கலாமா என்று ரசிகர்களிடையே பெரிய சண்டை நடக்கிறது. எனக்கு இதில் சந்தேகம் இல்லை. செய்தவரே ரம்பத்தை எடுத்து நடுவில் அறுத்தவர். ஓடுவதற்காகச் செய்த கார் ஓட வேண்டும். ஓட என்ன வேண்டுமோ அதைச் செய்வதே அவருக்கு மரியாதை.

இந்தக் கதையில் நம் பக்கத்து நாடும் வருகிறது. இலங்கையில் மோரிஸ் மைனர்கள் ஏராளமாக ஓடிக்கொண்டிருந்தன. இங்கிலாந்தின் பாத் நகரில் மோரிஸ் மைனர் மையம் நடத்திய சார்ல்ஸ் வேர், நன்றாகச் செய்த ஒரு காரைத் தூக்கிப் போடாமல் பாகம் பாகமாகப் புதுப்பித்துக்கொண்டே ஓட்டுவதுதான் சிக்கனம் என்று வாதாடியவர். அவர் 1990களில் இலங்கையில் உள்ள பட்டறைக் கைகளோடு சேர்ந்து மைனருக்கான பாகங்களைச் செய்ய வைத்தார். இங்கிலாந்தில் பிறந்த காருக்கு இலங்கைத் தொழிலாளி தகடு அடித்து அனுப்பினான் என்றால் சும்மாவா?

நம் அம்பாசிடர் உறவு இதுதான். மைனரோடு அதே 1948ல் வந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டும் இசிகோனிஸ் கை பட்டது. அது இந்தியாவில் ஹிந்துஸ்தான் 14 ஆனது. அந்த ஆக்ஸ்ஃபோர்டு வரிசையில் பின்னால் வந்த மூன்றாம் சீரிஸ்தான் நம் அம்பாசிடர். வங்காளத்து உத்தர்பாராவில் 2014 வரை தயாரானது. டார்ஷன் பாரும் ரேக் அண்ட் பினியனும் அதற்கு வந்த வழி அதுதான்.

எங்க அப்பா வாடகை அம்பாசிடர் ஓட்டியவர். ஐந்தாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். ஸ்டியரிங் லேசாக ஒரு பக்கம் இழுத்தால் எந்தப் புஷ் போயிருக்கிறது என்று அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லுவார். ஆனால் ஏன் போனது, வேறு எப்படிச் செய்திருந்தால் போயிருக்காது என்று வரைந்து காட்ட அவருக்கு வராது. ஆட்டோமொபைல் புத்தகத்தில் டார்ஷன் பார் படத்தைக் காட்டி நான் விளக்கியபோது, 20 வருடம் அடியில் படுத்துப் பார்த்த கம்பிக்கு இப்படி ஒரு வேலையா என்று ஆச்சரியப்பட்டார். அன்றைக்குத்தான் டிப்ளமோ என்பது எதற்கு என்று எனக்குப் புரிந்தது. அப்பாவின் கையிலிருப்பதைக் காகிதத்துக்குக் கொண்டு வருவதற்கு. காகிதத்தில் இருப்பதைத் திரும்பக் கைக்குக் கொண்டு போவதற்கு.

இப்போது கை தட்டிய நண்பர்களுக்கு வருகிறேன். இசிகோனிசே கணக்கில் பெயில், அப்புறம் நமக்கு எதுக்குடா கணக்கு என்று ஹாஸ்டலில் ஒரு பேச்சு கிளம்பும். கிளம்பட்டும். ஆனால் ஒன்று யோசியுங்கள். அவர் ஸ்கெட்சைக் காராக மாற்றியது ஜாக் டேனியல்சின் கணக்கு. அந்த மனிதர் இல்லாவிட்டால் மைனரும் மினியும் காகிதத்திலேயே தூங்கியிருக்கும். கணக்கு வராதவர் கணக்கை ஒதுக்கவில்லை. கணக்குத் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நம் வகுப்பிலும் இரண்டு வகையும் இருக்கிறோம். டிராயிங் நோட்டை மட்டும் நேசிப்பவன் ஒருவன், கால்குலேட்டரை மட்டும் நேசிப்பவன் ஒருவன். ஒருவரை ஒருவர் கேலி செய்தே மூன்று வருடம் போகிறது. இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் என்ன ஆகும்?

டிகிரிக்காரர்கள் முன்னால் டிப்ளமோக்காரனுக்கு என்ன மதிப்பு என்று இன்டர்வியூ முடிந்து வரும் சீனியர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். அந்த மூச்சில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. லேட்டரல் என்ட்ரியில் போக வசதியுள்ளவர்கள் போகட்டும். போக முடியாதவர்களுக்கு ஒன்று சொல்வேன். பாட்டர்சீ பாலிடெக்னிக்கில் படித்து முடித்தவர் கையில் அன்றைக்கு இருந்தது ஒரு பென்சில், ஒரு பழைய கார், உதவிக்கு ஒரு நண்பர். நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளின் பின்புறத்தில் பழைய எஞ்சின்கள் எத்தனை கிடக்கின்றன! கேட்டு வாங்கி, ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். பிரிக்கும் முன் வரையுங்கள். பிரித்த பின்னும் வரையுங்கள். திரும்பக் கோத்து ஓட வையுங்கள். ஓடும்போது எதை மாற்றினால் நன்றாக இருக்கும் என்று அதுவே சொல்லும்.

அந்த எஞ்சினுக்கு நம் மார்க் லிஸ்ட் தெரியாது.

— இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு மாணவன்